முதுகு

மாடி அறை. ஜன்னல் திறந்திருக்கிறது. ஆடிக் காற்று.

குப்புறப் படுத்திருக்கிறேன். கன்னத்துக்கு அடியில் மடித்த துண்டு. பார்க்க ஒன்றுமில்லை. சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல். கண்ணை மூடிக்கொள்கிறேன்.

கை இன்னும் வரவில்லை.

காத்திருக்கும் முதுகு அகலமாக இருக்கிறது.

*

பிடித்துவிடும் தொழில் பழகுகிற இவர்களுக்கு உடம்பு வேண்டும்.

சொல்லித்தர ஆள் இருக்கிறார். மேசை இருக்கிறது. எண்ணெய் இருக்கிறது. பழகிப் பார்க்கத்தான் உடம்பு பற்றவில்லை. ஒல்லி, குண்டு, கிழடு, கூன், எல்லாம் வேண்டுமாம்.

என்னிடம் கூன் இருக்கிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

31 வருஷம் சிவகாசியில் காலண்டர் புரூஃப் பார்த்த கூன். திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம். ஒரு எழுத்து கண்ணுக்குத் தப்பினால் அது லட்சம் சுவரில் ஒரு வருஷம் தொங்கும். அந்தப் பயத்தில் கழுத்து முன்னால் போனது. போனது போனதுதான்.

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறினால் ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ். வலப் பக்கம் மலை கூடவே வருகிறது.

மேலே மேகம் இறங்கியிருக்கிறது. மலைக்குத் தலை இல்லை.

பாதி வழியில் கண்ணை மூடிப் பார்க்கிறேன். எந்த இடம் என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் போய் வந்த ரோடு.

*

பார்வை இல்லாத நான்கு பேர் படிக்கிறார்கள்.

மம்சாபுரத்துப் பையன். சத்திரப்பட்டிப் பையன். அதிகம் பேசாத உயரமானவன். தளவாய்புரத்துக்காரர், நாற்பது தாண்டியவர். மற்ற மூவருக்கும் அண்ணாச்சி.

சொல்லித்தருகிறவரை மாஸ்டர் என்கிறார்கள். அவருக்கும் பார்வை இல்லை. பிற்பகலில் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வேறு ஆசிரியை. அப்போது நான் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன்.

*

முதல் கை.

தொடவில்லை. மேலே நிற்கிறது. சூடு மட்டும் வருகிறது.

பிறகு இறங்குகிறது. ஒரு இலை விழுகிற மாதிரிகூட இல்லை. ஏற்கெனவே அங்கே இருந்த மாதிரி.

*

"தொட்ட கைய எடுக்கக் கூடாது. எடுத்தா, படுத்திருக்கவருக்கு நீ எங்க போனன்னு தெரியாது."

மாஸ்டர் சொல்கிறார்.

மேசையைச் சுற்றி வரும்போதும் ஒரு கை என் மேல் ஊர்ந்து வருகிறது. தோள், இடுப்பு, குதிகால், மறுபடி மேலே. கரையைப் பிடித்துக்கொண்டு ஊருணியைச் சுற்றி வருவதுபோல.

யார் யாருக்கு வழி காட்டுகிறோம் என்று ஒரு எண்ணம் வருகிறது. போகட்டும்.

*

எலும்புதான் மைல்கல்.

தலையைக் குனிகிறேன். பிடரியில் ஒரு எலும்பு புடைக்கிறது. கழுத்தின் ஏழாவது. அதிலிருந்து கீழே எண்ணுகிறார்கள். பன்னிரண்டு. அதற்கும் கீழே ஐந்து.

தோள்பட்டை எலும்பின் கீழ்முனை எங்கே முடிகிறதோ, அதற்கு நேரே ஏறத்தாழ முதுகெலும்பின் மார்பு வரிசையில் ஏழாவது கணு. இடுப்பின் இரண்டு மேடுகளையும் ஒரு கோட்டில் இணைத்தால் அடிமுதுகின் நான்காவது.

மம்சாபுரத்துப் பையன் எண்ணுகிறான். உதடு அசையும் சத்தம் கேட்கிறது.

"பதினொண்ணு."

"பன்னெண்டு."

நிறுத்துகிறான். திரும்பப் போய் எட்டிலிருந்து எண்ணுகிறான்.

அவசரம் இல்லை. எனக்கும் இல்லை.

*

மில் சங்கு ஊதுகிறது. ஒரு கணம் எல்லாக் கையும் நிற்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுபடி நடக்கிறது.

*

என் முதுகை நான் பார்த்ததில்லை.

கண்ணாடிக்கு எதிரே இன்னொரு கண்ணாடி வைத்துப் பார்க்கிற வயதில் தோன்றவில்லை. பிறகு நேரமில்லை. அறுபது வருஷமாகக் கூடவே வருகிற ஒன்று.

இந்த நால்வருக்குத் தெரியும். இடது தோளுக்குக் கீழே ஒரு மரு இருக்கிறதாம். தடிப்பாக, மிளகு அளவில்.

மிளகு.

பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொள்கிறேன்.

*

"வலிக்கா ஐயா?"

"இல்ல."

"இங்கன?"

"இல்ல."

விரல் நிற்கிறது. அசையாமல் நிற்கிறது.

"இங்கன."

கேள்வி இல்லை.

மூச்சு தானாக நின்றது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

*

வலி இருந்த இடம் எது என்று டாக்டர் கேட்டபோது கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தேன். எட்டவில்லை. இங்கே எங்கேயோ என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

*

அழுத்தம் கட்டைவிரலிலிருந்து வரக் கூடாது. வந்தால் கட்டைவிரல் சில வருஷத்தில் போய்விடும். காலை அகட்டி நின்று, உடம்பின் எடையைத் தோள் வழியாக, முழங்கை வழியாக இறக்க வேண்டும். விரல் வெறும் வாய்க்கால்.

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் கை வைக்காதே. காய்ச்சல் உடம்பில் கை வைக்காதே. புடைத்த நரம்பின் மேல் ஏறாதே.

மாஸ்டர் சொல்லச் சொல்ல நான்கு பேரும் திருப்பிச் சொல்கிறார்கள். வாய்ப்பாடு மாதிரி. 'ஏறாதே' மட்டும் கொஞ்சம் சத்தமாக.

*

தொக்கணம்.

சித்த வைத்தியத்தில் இதற்குச் சொல் இருக்கிறது. ஒன்பது வகை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல்.

வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். வாய்க்குள்ளேயே உடம்பு புரள்கிறது.

தெருவில் இந்தச் சொல் யாருக்கும் தெரியாது. தெரிந்த சொல் மசாஜ். அதைச் சொன்னால் டீக்கடையில் ஒரு சிரிப்பு வரும். வீட்டுக்காரர் முதலில் மாடியைத் தர மறுத்தாராம். அவர் அம்மாவுக்கு முழங்கால் வலி. மாஸ்டர் பத்து நாள் பிடித்துவிட்டார்.

வாசலில் இன்னும் போர்டு இல்லை.

*

எண்ணெய்ப் பாட்டில் இரண்டு. ஒன்றில் ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறது. அது தைலம். சுற்றாதது நல்லெண்ணெய்.

துண்டின் நான்கு மூலையும் தொட்டு மடிக்கிறான். மூலையோடு மூலை. என் வீட்டில் யாரும் இப்படி மடிப்பதில்லை.

*

கீழ் வீட்டில் நாய். ராஜபாளையம். வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு.

இந்த இனத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறப்பதுண்டு. இது அப்படி ஒன்று. கூப்பிட்டால் திரும்பாது. மாடிப்படியில் காலடி விழுந்தால் தலை தூக்குகிறது. தரை சொல்லிவிடுகிறது.

உயரமானவன் படியேறும்போது குச்சி இரண்டு தரம் தட்டும். நாய் எழுந்து போய் அவன் முழங்காலில் மூக்கை வைக்கிறது.

அவன் குனிந்து அதன் காதைத் தேடுகிறான். காதுக்குப் பின்னால் அமுக்கிக் கொடுக்கிறான்.

ஒருவரை ஒருவர் கூப்பிட வழியில்லை. தினமும் சந்திக்கிறார்கள்.

*

சத்திரப்பட்டி ஊரே காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறது. பேண்டேஜ், காஸ். இழை நெருங்கக் கூடாத துணி. காற்று போக வேண்டும், ரத்தம் ஊற வேண்டும்.

அந்த ஊர்ப் பையனின் அப்பாவுக்கு விசைத்தறி. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள் தூங்கியவன். இழை அறுந்தால் தறியின் சத்தம் மாறும், அப்பாவுக்கு முன்னால் தனக்குத் தெரியும் என்கிறான்.

ஆனாலும் தறிக்குப் பக்கத்தில் விட்டதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் விட்டதில்லை. கிணற்றுக்கு, ரோட்டுக்கு. பத்தொன்பது வயது வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன் என்கிறான். குறையாகச் சொல்லவில்லை. எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டதற்குப் பதில்.

அவன் கை மெத்தென்று இருக்கிறது. வேலை பார்க்காத கை. ஒரு வாரமாகக் கட்டைவிரல் அடியில் காய்க்கத் தொடங்கியிருக்கிறது.

அதை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொள்கிறான்.

*

மழை வரவில்லை. வாசனை வந்துவிட்டது.

நான்கு தலையும் ஜன்னல் பக்கம் திரும்புகின்றன.

*

மாஸ்டர் கதை சொல்கிறார். கை நிற்கக் கூடாது, காது கேட்கலாம்.

ஜப்பானில் ஒருவர். சுகியாமா வைச்சி. பிறந்தது 1610. சின்ன வயதிலேயே பார்வை போனது. ஊசி மருத்துவம் கற்கப் போனார். கை ஓடவில்லை. மறதி வேறு. குரு, போய் வா என்று அனுப்பிவிட்டார்.

எனோஷிமா என்று ஒரு தீவு. அங்கே ஒரு குகை. சாப்பிடாமல் கிடந்தார். திரும்பும் வழியில் கல் தடுக்கி விழுந்தார். கையில் ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தார். சுருண்ட காய்ந்த இலை. அதற்குள் ஒரு ஊசியிலை, பைன் மரத்துடையது.

ஊசியைக் குழலுக்குள் விட்டுத் தட்டினால் கோணாமல் இறங்கும் என்று அப்போது தோன்றியதாம். அந்தக் குழல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கண் உள்ள வைத்தியர்களும் அதைத்தான் பிடிக்கிறார்கள்.

பிற்பாடு ஷோகுன் சுனயோஷிக்கே வைத்தியம் பார்த்தார். என்ன வேண்டும் கேள் என்றாராம் ஷோகுன். ஒரு கண் வேண்டும் என்றாராம் இவர்.

கண் கொடுக்க முடியவில்லை. எடோ நகரத்தில் ஒரு நிலம் கொடுத்தார். அந்த இடத்தின் பெயர் ஹிதோத்சுமே. காதால் கேட்டால் 'ஒரு கண்' என்று படும்.

அறையில் சத்தமில்லை. எண்ணெய் தேயும் சத்தம் மட்டும்.

"எத்தன ஏக்கர் மாஸ்டர்?" தளவாய்புரத்துக்காரர் கேட்கிறார்.

*

சுகியாமா நடத்திய பள்ளிகளில் பார்வையற்றவர்கள் ஊசியும் அமுக்கலும் படித்தார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜப்பானின் பார்வையற்றோர் பள்ளிகளில் இன்றும் அது பாடம். படித்துத் தேர்வில் தேறினால் உரிமம்.

ஒரு மனிதர் கல் தடுக்கி விழுந்தார்.

*

தளவாய்புரத்துக்காரர் பாளையங்கோட்டையில் படித்தவர். ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி. புள்ளிகளைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன் என்கிறார். ஆறு புள்ளி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர்.

பிறகு பிரம்பு நாற்காலி பின்னினார். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது.

எஸ்டிடி பூத் வைத்தார். மஞ்சள் போர்டு. ராத்திரி பதினொரு மணிக்குக்கூட ஆள் நிற்கும். யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று ஊரில் அவருக்குத்தான் தெரியும். செல்போன் வந்தது.

ரயிலில் கடலை மிட்டாய் விற்றார். அதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

"நாற்காலி போச்சு, பூத்து போச்சு. முதுகுவலி எங்கய்யா போகும்?"

சிரிக்கிறார். கை நிற்கவில்லை.

*

பார்வை இல்லாதவர் கைக்குத் தனிச் சக்தி என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். பார்க்க வந்தவர். நல்ல மனிதர்.

அவர் படியிறங்கும்வரை மாஸ்டர் பொறுத்திருக்கிறார்.

"சக்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. எட்டு மாசம் அமுக்கினா எவன் கைக்கும் தெரியும்."

பிறகு, கொஞ்சம் தணிந்து: 1996-ல் ஒரு ஆராய்ச்சி வந்ததாம். சின்ன வயதிலேயே பார்வை போனவர்கள் பிரெய்லி படிக்கும்போது, மூளையில் பார்வைக்கு என்று இருக்கிற பகுதி வேலை செய்கிறது. இடம் சும்மா கிடக்காது. யாராவது குடிவந்துவிடுவார்கள்.

"பொறம்போக்கு மாதிரி," என்கிறார் அண்ணாச்சி.

*

உயரமானவனுக்கு இந்தத் தொழில் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கை சரியாகத்தான் போகிறது. எண்ணம் வேறெங்கோ. அவனுக்கு வக்கீல் படிப்பில் ஆசை. வீட்டில் அதைவிடச் சீக்கிரம் சம்பளம் வருகிற ஒன்று வேண்டியிருக்கிறது. ராத்திரி போனில் சட்டப் புத்தகத்தை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறான். எனக்கு அந்த வேகத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

2016 சட்டத்தின்படி அரசு வேலையில் மாற்றுத் திறனாளிகளுக்கு நூற்றுக்கு நான்கு. அதில் பார்வைக்கு ஒன்று. அந்த ஒன்றைப் பற்றி எல்லாம் அவனுக்குத் தெரியும்.

அவன் அழுத்தம் இன்றைக்குக் கொஞ்சம் கூடுதல். சொல்லவில்லை நான்.

*

தென் கொரியாவில் மசாஜ் உரிமம் பார்வையற்றவர்களுக்கு மட்டும்தான்.

2006-ல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அது தவறு என்றது. மற்றவர்களின் தொழில் உரிமை என்னாவது? நியாயமான கேள்வி. சியோலில் மசாஜ் தொழிலாளர்கள் பாலத்தின் மேல் நின்றார்கள். சிலர் ஹான் ஆற்றில் குதித்தார்கள். சட்டம் மறுபடி இயற்றப்பட்டது. 2008-ல் அதே நீதிமன்றம் செல்லும் என்றது. இருக்கிற ஒரே கதவு இது. மூடினால் வேறு எங்கே போவார்கள்? அதுவும் நியாயமான கேள்வி.

இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நடுவில் கோடு போடவில்லை.

*

விளக்கு நின்றுவிட்டது. மின்விசிறி மெல்லச் சுற்றி நிற்கிறது.

வெளிச்சம் போனதை நான் மட்டும் கவனிக்கிறேன். காற்று நின்றதை எல்லோரும்.

*

மாம்பழம் வந்திருக்கிறது. சப்பட்டை. பருவத்தின் கடைசி.

சத்திரப்பட்டிப் பையன் கூடையில் கை விடுகிறான். ஒவ்வொன்றாக எடுத்துக் காம்படியில் அமுக்குகிறான். மூக்குக்குக் கொண்டுபோகிறான். வைக்கிறான். அடுத்தது.

தோளில் அவன் விரல் செய்வதும் இதுதான். மேலே இளகி, அடியில் கல்லாக இருப்பதைத் தேடுவது.

எனக்கு ஒன்று நீட்டுகிறான். சரியாகப் பழுத்தது.

*

"செவந்திருக்கா?"

தேய்த்த இடம் சிவந்தால் ரத்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்துப் பார்க்கிறான்.

"செவந்திருக்கு."

*

மதுரையில் டாக்டர் வெங்கடசாமி. வடமலாபுரத்துக்காரர். இளம் வயதில் மூட்டுவாதம் வந்து விரலெல்லாம் கோணிக்கொண்டது. பேனா பிடிக்க முடியாத விரல்கள். அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். கண் புரை எடுத்தார். 1976-ல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை.

போட்டோவில் அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறேன். முருங்கை வேர் மாதிரி.

எனக்கு வலது கண்ணில் புரை. இன்னும் முற்றவில்லை, பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். விளக்கைச் சுற்றி ஒரு வளையம் வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது.

*

சாயங்காலம். ஸ்ரீவில்லிபுத்தூர்.

பால் சுண்டும் வாசனை தெருவுக்குத் தெரு. இரும்புச் சட்டியில் கரண்டி உரசும் சத்தம். பால் தண்ணீராக இருக்கும்வரை ஒரு சத்தம். இறுகத் தொடங்கினால் வேறு. கிண்டுகிறவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கிண்டுகிறார்.

கை கனத்ததும் இறக்கிவிடுகிறார்.

*

மம்சாபுரத்துப் பையன் இன்று தனியாக வந்திருக்கிறான்.

முதல் முறை. அம்மா பஸ் ஸ்டாப் வரை வந்தாளாம். ஏற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே வந்திருக்கிறாள். இவனுக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

வழியை எப்படித் தெரிந்துகொண்டாய்?

வேகத்தடை எண்ணினேன். பேக்கரி வாசனைக்கு அப்புறம் பஸ் வளையும். அங்கே எழுந்துகொள்ள வேண்டும்.

கீழே தெருவில் ஒரு பெண் வெயிலில் நிற்கிறாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிறாள். மாடியைப் பார்க்கிறாள். போகிறாள்.

நான் சொல்லவில்லை.

*

கூலி.

பழகிப் பார்க்கக் கொடுத்த உடம்புக்குக் காசு வாங்கமாட்டேன் என்கிறார்கள். இன்றைக்கு அவர்கள் தொழிலாகச் செய்கிறார்கள், நான் வாடிக்கையாளன் என்று மாஸ்டரிடம் பேசி வைத்திருக்கிறேன்.

ஒரு நோட்டை மம்சாபுரத்துப் பையன் கையில் வைக்கிறேன்.

பேசாமல் நிற்கிறான். நோட்டை ஆள்காட்டி விரலில் சுற்றுகிறான். எங்கே முடிகிறது என்று பார்க்கிறான். நூறு 142 மில்லிமீட்டர். இருநூறு 146. ஐந்நூறு 150. நான்கு நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். ஓரத்தில் மேடான சாய்கோடுகள்: நூறுக்கு நான்கு, இருநூறுக்கு நான்கு, நடுவே இரண்டு வட்டம், ஐந்நூறுக்கு ஐந்து. புது நோட்டில் நகத்துக்குத் தட்டுப்படும். கசங்கிய நோட்டில் கோடு தேய்ந்துபோயிருக்கும்.

2020-ல் ரிசர்வ் வங்கி மணி என்று ஒரு செயலி கொண்டுவந்தது. போனைக் காட்டினால் நோட்டைச் சொல்லும். அவன் போனை எடுக்கவில்லை.

"எரநூறு."

ஆமாம் என்று நான் சொல்வதற்குள் மடித்துப் பையில் வைத்துவிட்டான்.

வைத்த பையை மேலிருந்து ஒரு தரம் தொடுகிறான்.

*

இதுவரை அவனுக்கு நோட்டு எண்ணியவள் அம்மா.

*

அறையில் எல்லோரும் போய்விட்டார்கள். மாஸ்டர் மட்டும். மேசை மேல் அவரே படுக்கிறார்.

"கொஞ்சம் போடுறீங்களா," என்கிறார்.

என் கையைப் பார்க்கிறேன். மை படிந்து பழகிய விரல்கள். எங்கே வைப்பது?

பிடரி. ஏழாவது எலும்பு. கீழே. அமுக்குகிறேன்.

"கண்ண மூடிக்கங்க."

மூடுகிறேன்.

முதுகு வந்துவிடுகிறது. ஒரு ஊர் மாதிரி வருகிறது. சரிவு, மேடு, யாரோ கட்டிவிட்ட வரப்பு. அவர் கழுத்திலும் அதே இடத்தில் அதே கல். எழுத்து பார்க்காதவர் கழுத்தில் எப்படி?

குனிந்தே நிற்கிற தொழில்.

"அங்கனதான்," என்கிறார்.

*

எங்கள் ஊரில் ஆண்டாள் கையில் ஒரு கிளி. தினம் புதிதாகக் கட்டுகிறார்கள். மூக்குக்கு மாதுளம் பூ. உடம்புக்கு மரவள்ளி இலை. கண்ணுக்குக் காக்காப்பொன்.

மறுநாள் வாடிவிடும். மறுநாள் இன்னொன்று.

வாடிய கிளி ஒன்று நண்பர் வீட்டில் இருக்கிறது. எடுத்துத் தடவிப் பார்க்கிறேன். நார், காம்பு, முடிச்சு. கண் மூடிப் பார்த்தால் கிளி இல்லை. கட்டிய விரல் போன வழி மட்டும் இருக்கிறது.

*

பயிற்சி முடிகிறது. மூன்று பேருக்கு வேலை பேசியிருக்கிறது என்று சொல்கிறார்கள். உயரமானவன் இன்னும் சொல்லவில்லை.

அண்ணாச்சி சொந்தமாகப் போடுவாராம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்ன அறை. அதே பழைய மஞ்சள் போர்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். பரணில் இருக்கும் என்கிறார். மேலே பெயின்ட் அடித்து எழுதினால் போதும்.

என்ன எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

*

கழுத்து திரும்புகிறது. வலப் பக்கம் கொஞ்சம். பஸ்ஸில் மலையைத் திரும்பிப் பார்க்கிறேன்.

வலி போகவில்லை. இடம் தெரிகிறது.

*

ஆடிப்பூரம். தேர்.

ரத வீதியில் நிற்க இடமில்லை. பயிற்சி இன்று இல்லை. நால்வரும் வந்திருக்கிறார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை.

பதினொரு நிலைக் கோபுரம் எங்கே என்று மம்சாபுரத்துப் பையன் கேட்கிறான். அவன் கையைப் பிடித்து நீட்டிக் காட்டுகிறேன். இன்னும் மேலே, இன்னும். கை உயர்ந்துகொண்டே போகிறது. போதும் என்கிறேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கிறான்.

வடம் வருகிறது. இரண்டு கை சேர்த்தும் அடங்காத கனம். எண்ணெயும் வியர்வையும் தேய்ந்த நார். பிடித்துக்கொள்கிறோம்.

முன்னால் முதுகு. அதற்கு முன்னால் முதுகு. நூறு, ஆயிரம். வடம் பிடிக்கிறவன் தேரைப் பார்க்க முடியாது. தேர் பின்னால் வருகிறது.

யாரோ கத்துகிறார்கள். வேட்டுச் சத்தம்.

வடம் இறுகுகிறது. கட்டைவிரல் அடியில் காய்த்த இடத்தை மாற்றி வைக்கிறான் சத்திரப்பட்டிப் பையன்.

இன்னும் நகரவில்லை.

தொய்கிறது.

மறுபடி இறுகுகிறது.